காலியாக விட்ட கட்டம்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். நான் நலம். நீயும் அந்த மலை மேல வானிலை நிலையத்துல நலமா இருக்கன்னு நம்புறேன். இதை நின்னுக்கிட்டு எழுதுறேன், துணி தேய்க்கிற மேசை மேல தாளை வெச்சு. உட்கார்ந்தா இருபது நிமிஷம்தானாம், அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட ஆகாதாம். பத்தொன்பது வருஷமா உட்கார்ந்தே சம்பாதிச்சவளுக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு.

ஆபரேஷன் முடிஞ்சு இன்னைக்குப் பன்னிரண்டாவது நாள். இடுப்புக்கிட்ட ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கிக்கிட்டு இருந்துச்சு. பிதுங்கினதை வெட்டி எடுத்துட்டாங்க. தையல் ஒரு விரல் நீளம்கூட இல்லை. இதுக்கா ரெண்டு வருஷம் பயந்து மறைச்சேன்னு எனக்கே வெட்கமா இருக்கு. காலை வெட்டி வெட்டி இழுத்த வலி, மயக்கம் தெளிஞ்சப்பவே காணோம். பாதத்துல மரமரப்பு மட்டும் கொஞ்சம் பாக்கி.

இப்ப விஷயத்துக்கு வரேன். துறைமுகத்துலேர்ந்து கடிதம் வந்திருக்கு. மே 16 எனக்கு உடல் தகுதிப் பரீட்சை. கிரேன் கேபினுக்குப் போக லிப்ட் இருக்கு. ஆனா நடுவுல அது நின்னுபோனா ஏணியில இறங்கியாகணும் இல்லையா, அதனால பரீட்சையும் ஏணியிலதான். பதினாலு மாடி உயரம். நடுவுல இளைப்பாற ஏழு தட்டு. ஏறி, அரை மணி நேரம் ஓட்டிக் காட்டி, இறங்கணும். முடிஞ்சா மூணாம் நம்பர் கிரேன் மறுபடி எனக்கு. முடியலைன்னா ஓய்வு பெறுற நாள் வரைக்கும் துறைமுக கேட்டுல உட்கார்ந்து லாரி நம்பர் எழுதணும். ரெண்டாவது வாய்ப்பு கிடையாதாம்.

எழுதுவேனாடா நான்? கண்ணாடித் தரை வழியா ரெண்டு காலுக்கும் நடுவுல கப்பலைப் பாத்து, கன்டெய்னர் மேல கன்டெய்னரை முட்டாம மோதாம இறக்கினவ. அப்படிக் குனிஞ்சு குனிஞ்சு பாத்துத்தான் முதுகு போச்சுன்னு டாக்டர் சொல்றார். போனது போகட்டும். மே 16 நான் ஏறுறேன், அவ்வளவுதான்.

உன் இடத்துல போன் எடுக்காது. பத்து நாளைக்கு ஒரு தடவை வர்ற ஜீப்புலயாவது ரெண்டு வரி குடுத்து விடு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அன்பு அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுறேன். உன் நலம் அறிய ரொம்ப ஆவல். உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். சீனியருக்கும் படிச்சுக் காட்டினேன். "உங்க அக்கா கடிதத்துலயும் கிரேன்தான் ஓட்டுறாங்க"ன்னு சொல்லிச் சிரிச்சார். இங்கே நாங்க ரெண்டு பேர், ஒரு அடுப்பு, ஒரு ரேடியோ, மத்ததெல்லாம் மூடுபனி. வேற சிரிப்பு எங்கே கிடைக்கும்?

காத்து அளக்குற கருவி போன வாரம் மின்னல்ல போயிடுச்சு. புதுசு வர்ற வரைக்கும் பதிவேட்டுல அந்தக் கட்டத்தைக் காலியா விடுறோம். கீழே ஆபீஸ்ல புதுசா வந்தவர் ரேடியோவுல, "குத்துமதிப்பா ஏதாவது போடுங்களேன், பாக்க அசிங்கமா இருக்கு"ன்னார். எனக்கு வந்துச்சே கோபம்! அளந்தா எழுதணும், அளக்கலைன்னா காலியா விடணும், இட்டுக்கட்டி எழுதக் கூடாது. எங்க வேலையில முதல் பாடமே அதுதான்.

அக்கா, ஒண்ணு கேக்கணும். உனக்கு மரமரப்பு முதல்ல எங்கே ஆரம்பிச்சது? கட்டைவிரலா, சுண்டுவிரலா? முதல்ல இடுப்பு வலிச்சு அப்புறம் காலுக்கு இறங்குச்சா, இல்ல நேரா கால்லயே வந்துச்சா? இருமினா வலி ஜாஸ்தியாச்சா? விவரமா எழுது. சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

அவசரப்படாதே. உன்னை எனக்குத் தெரியும்.

உன் தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவோட ஆசிகள். நான் நலம், ஆனா முந்தாநாள் வரைக்கும் நலமில்லை. ஏன்னு சொல்றேன், திட்டாதே.

தெருமுனை விளக்குக் கம்பம் வரைக்கும் நடக்க விட்டாங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம். ஒரு வாரம் சமர்த்தா நடந்தேன். அப்புறம் தலைக்கனம் ஏறிடுச்சு. பதினாலு மாடி ஏறப் போறவளுக்கு நாலு மாடி எம்மாத்திரம்னு, யார்கிட்டயும் சொல்லாம நம்ம கட்டடத்துப் படியில விறுவிறுன்னு மொட்டை மாடி வரைக்கும் ஏறிட்டேன். ஏறினது நான், இறங்கினது மாடி வீட்டு டீச்சரும் அவங்க வீட்டுக்காரரும் தாங்கிப் பிடிச்ச புண்ணியத்துல. ரெண்டு நாள் கட்டில்ல கிடந்தேன். தையல் ஒண்ணும் ஆகலை, தசை பிடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான். ஆனா அந்த ரெண்டு நாளும் என் கண்ணு முன்னாடி அந்த கேட்டும் லாரி நம்பர் நோட்டும்தான் நின்னுச்சு.

எனக்குப் பயிற்சி குடுக்குற பிசியோ பொண்ணு திட்டவே இல்லை. அதுதான் தாங்கலை. "நீங்க ஏறணும்னுதான் நானும் வேலை பாக்குறேன். தனியா வேலை பாக்கணும்னா சொல்லிடுங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்"னா. இனிமே அவ சொன்னது மட்டும்தான். கட்டிலை விட்டு எந்திரிக்கிறதுக்குக்கூட முறை வெச்சிருக்கா: முழங்காலை மடக்கு, உடம்பை முறுக்காம கட்டை மாதிரி ஒருக்களிச்சு உருளு, காலைக் கீழே விடு, கையை ஊன்றி எந்திரி. நாப்பத்தேழு வயசுல எந்திரிக்கப் படிக்கிறேன்.

நீ கேட்டதுக்குப் பதில். என்னடா, டாக்டருக்குப் படிக்கிறியா? கட்டைவிரல்லதான் ஆரம்பிச்சது. முதல்ல இடுப்பு, அப்புறம் பின்னந்தொடை, அப்புறம் கால். இருமினா உயிர் போகும். போதுமா?

ஸ்வெட்டர் போட்டுக்கோ.

உன் அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலம் அறிய ஆவல். போன ஜீப்புல எழுத முடியலை, மன்னிச்சுக்கோ. எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும், படுத்துக்கிட்டு எழுதுறேன், சோம்பேறித்தனம்.

மாடி ஏறினதுக்கு உன்னைத் திட்டணும்னு ஒரு பக்கம் எழுதிக் கிழிச்சுப் போட்டுட்டேன். பிசியோ பொண்ணு சொல்ற பேச்சைக் கேளு. பரீட்சைக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கு. உன் மனசு அதுல மட்டும் இருக்கட்டும். வேற எதைப் பத்தியும் யோசிக்காதே.

இங்கே புது ஏற்பாடு. சீனியர்தான் உச்சிக்குப் போய் மழை அளந்துட்டு வரார். நான் அறையிலயே இருந்து ரேடியோ பாத்துக்கறேன். மாத்தி மாத்திச் செஞ்சா சலிப்பு வராது, அதான்.

இன்னும் ரெண்டு கேள்வி. நடக்கும்போது செருப்பு கழண்டு போனதே தெரியாம நடந்திருக்கியா? பாதம் தரையில தட்டித் தட்டி விழுந்துச்சா? அப்படி இருந்தா ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை நாள்ல சரியாச்சு? மயக்க ஊசி போடும்போது ரொம்பப் பயமா இருக்குமா?

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

அக்கா நலம். ஒரு மணி நேரம் நிக்காம நடக்கிறேன். சின்ன ஏணியில ஏற ஆரம்பிச்சாச்சு. இது இருக்கட்டும்.

செருப்புக் கேள்விக்குப் பதில் எழுத உக்காந்தேன். எனக்கு அப்படி வரலையேன்னு யோசிச்சு, பிசியோ பொண்ணுகிட்ட கேட்டேன். செருப்பு கழண்டா என்ன அர்த்தம், பாதம் தட்டினா என்ன அர்த்தம்னு. அவ கையில இருந்த பெல்ட்டைக் கீழே வெச்சா. "யாருக்கு?"ன்னா.

யாருக்கும் இல்லைம்மா, என் தம்பி சும்மா கேக்குறான்னேன். சொல்லும்போதே அது பொய்யின்னு எனக்குத் தோணிடுச்சு.

வீட்டுக்கு வந்து உன் கடிதம் ரெண்டையும் பரப்பி வெச்சேன். அதுக்கு முந்தி போன நவம்பர்ல எழுதினதையும் எடுத்தேன். அதுல "நான் நலம்"னு முதல் வரியிலயே இருக்கு. இந்த ரெண்டுலயும் இல்லை. என் நலம் அறிய ஆவல், ரொம்ப ஆவல், ஆனா உன் நலத்தைப் பத்தி ஒரு எழுத்து இல்லை. மறந்து விடுற ஆளா நீ? நலம்னு எழுதினா பொய்யாயிடும், இல்லைன்னு எழுத மனசு வரலை. அதனால கட்டத்தைக் காலியா விட்டிருக்க!

பாவி. மழையை மில்லிமீட்டர் பிசகாம எழுதுவ, கால் செத்துக்கிட்டு இருக்கறதை எழுத மாட்டியா? எனக்கு இருந்தது வலி. உனக்கு இருக்கறது பாதத்தைத் தூக்குற நரம்பு படுத்துப்போறது. வாரக் கணக்குல விட்டா அது திரும்ப எந்திரிக்காமலே போகலாம்னு அந்தப் பொண்ணு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. மூத்திரம் அடக்க முடியாம போனாலோ, உட்கார்ற இடம் மரத்துப்போனாலோ ஜீப்புக்குக்கூடக் காத்திருக்கக் கூடாதாம், ரேடியோவுல ஆம்புலன்ஸ் கேக்கணுமாம். மனசுல வெச்சுக்கோ.

என்கிட்ட பூசி மெழுகாதே. அடுத்த ஜீப்புல ஏறு.

அக்கா


ஏப்ரல் 13

தம்பிக்கு,

பத்தாம் தேதி ஜீப் வந்து போயாச்சு. நீயும் வரலை, கடிதமும் வரலை. சீனியருக்கும் தனியா ஒரு கடிதம் போட்டிருக்கேன். கோபப்பட்டா படு.

நான் நலம். துறைமுகத்துப் பயிற்சி ஏணியில மூணாவது தட்டு உயரம் வரைக்கும் ஏறினேன். மனசு அதுல இல்லை.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமில்லை.

எழுதிட்டேன். இப்ப மீதியும் எழுதிடறேன். ஜனவரியில பேட்டரி பெட்டியைத் தூக்கினேன், இடுப்புல சுளீர்னுச்சு. உன் ஆபரேஷன் நடந்த வாரம்தான் கட்டைவிரல் மரத்துச்சு. மார்ச்ல பாதம் தொங்க ஆரம்பிச்சது. இப்ப தரையை உரசிக்கிட்டுத்தான் நடக்கிறேன். நீ சொன்ன மத்த ரெண்டும் இல்லை, சத்தியமா இல்லை.

பயம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. கத்தின்னா எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஆகாதுன்னு உனக்குத் தெரியும். ஆனா அதுக்காக மட்டும் மறைக்கலை அக்கா. நான் வந்து உன் வீட்டுல விழுந்தா நீ என்ன பண்ணுவன்னு எனக்குத் தெரியாதா? என்னைப் பிடிச்சுத் தூக்குவ, தலையணையை இழுப்ப, குனிஞ்சு செருப்பு மாட்டி விடுவ. அம்மா வேலைக்குப் போனப்பல்லாம் என்னை இடுப்புல தூக்கிச் சுமந்தவ நீ. ஒரே ஒரு தடவை தூக்கினா போதும், உன் முதுகும் போகும், மூணாம் நம்பர் கிரேனும் போகும். என்னால உனக்கு அது போச்சுன்னா நான் எப்படித் தாங்குவேன்?

மே 16 முடியட்டும்னு இருந்தேன். நீ ஏறி இறங்கினதும் வந்திடலாம்னு. அதுவரைக்கும் பொறுத்துக்கோயேன்.

உன் தம்பி


ஏப்ரல் 24

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சு உக்காந்து அழுதேன். இருபது நிமிஷத்துக்கு மேலயே உக்காந்துட்டேன், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாதே.

பொறுத்துக்க மாட்டேன். என் பரீட்சைக்குத் தேதி இருக்கு, உன் நரம்புக்குத் தேதி கிடையாது. எனக்காகக் காலைக் குடுத்துட்டு நீ நொண்டிக்கிட்டு வந்து நின்னா அந்த கேபின்ல எனக்கு என்னடா வேலை? எனக்குக் கிரேனும் வேணும், உனக்குக் காலும் வேணும். ரெண்டுல ஒண்ணுன்னு யாரும் நம்மகிட்ட கேக்கலை. நீயா கேட்டுக்கிட்டு நீயா பதில் சொல்லிக்கிட்டு இருக்க.

ஏற்பாடு எல்லாம் முடிச்சுட்டேன். மலைக்குக் கீழே இருக்கற டவுன் ஆஸ்பத்திரியில பிசியோ பொண்ணுக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார், உன் விவரம் மொத்தமும் போயாச்சு. சீனியரோட பதிலும் உன் கடிதத்தோடயே வந்துச்சு, முப்பதாம் தேதி ஜீப்புல அவரே உன்னைக் கூட்டிட்டு வரார். அவர் ரேடியோவுல கேட்டதுக்கு, உன் இடத்துக்கு ஆள் அனுப்பறதா ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம். நான் வர முடியாது. அஞ்சு மணி நேரம் பஸ்ல உட்கார இன்னும் எனக்கு அனுமதி இல்லை. ஓடி வரணும்னு இருக்கு, இருந்தாலும் வரலை. சொன்ன பேச்சைக் கேக்கறேன் பாத்தியா?

நாலு நாள்ல வேன்ல படுக்க வெச்சு இங்கே கொண்டுவந்து விடுவாங்க. வீட்டுல ஒரே சட்டம்: நீ விழுந்தாகூட நான் தூக்க மாட்டேன். சத்தம் போட்டு மாடி வீட்டு டீச்சரைக் கூப்பிடுவேன். நீயும் என்கிட்ட கை நீட்டக் கூடாது. சம்மதம்னா ஜீப்புல ஏறு. சம்மதமில்லைன்னாலும் ஏறு.

அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

டவுன் ஆஸ்பத்திரி, ரெண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். முந்தாநாள் ஆபரேஷன் முடிஞ்சது. பக்கத்துக் கட்டில்காரர் தாளைப் பிடிச்சுக்கறார், நான் கிறுக்கறேன்.

உள்ளதை உள்ளபடி எழுதறேன். கால் வலி: இல்லை. தையல் வலி: இருக்கு. மயக்க ஊசிக்கு முன்னாடி பயம்: ரொம்ப, நர்ஸோட கையை விடலை. பாதம்: இன்னும் தூக்க முடியலை. ரொம்ப நாள் அழுந்திக் கிடந்த நரம்பு, முழுசா வருமா வராதான்னு இப்பவே சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னார். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்னும் சொன்னார். அதையும் எழுதிட்டேன். இன்னைக்குக் காலையில கட்டைவிரல் லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. அசைஞ்சதா, ஆசையான்னு தெரியலை.

ஏழாம் தேதி வரேன். கை நீட்ட மாட்டேன்.

உன் தம்பி


மே 16, காலை அஞ்சரை மணி

தம்பி,

மாத்திரை போட்டு அசந்து தூங்கற, எழுப்ப மனசு வரலை. அதனால ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு உனக்குக் கடிதம் எழுதிச் சாப்பாட்டு மேசையில வைக்கிறேன். நம்ம கதையை யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டாங்க. மேசைக்கு அடியில ஒரு கரண்டி மூணு நாளா கிடக்கு. ரெண்டு பேரும் தினமும் அதைப் பாத்து வணக்கம் சொல்லிட்டுப் போறோம்.

டீச்சரால பத்து மணிக்குத்தான் வர முடியுமாம். இத்தனை நாள் நீ எந்திரிக்கும்போது பக்கத்துல நின்னு வாயாலயாவது சொல்லிக் குடுத்தேன். இன்னைக்கு ஆள் இல்லை. பத்து மணி வரைக்கும் படுத்துக்கிடன்னு சொல்ல மாட்டேன், நீ கேக்க மாட்ட. முழங்காலை மடக்கு. கட்டை மாதிரி உருளு. காலைக் கீழே விட்டு, கையை ஊன்று. தலை சுத்தினா அப்படியே உட்கார். வாக்கரைக் கைக்கு எட்டுற மாதிரி வெச்சிருக்கேன், தூக்கலை, காலால தள்ளினேன்.

எனக்குப் பயமா இருக்குடா. உன்னை விட்டுட்டுப் போறதுக்கும் பயம், ஏறுறதுக்கும் பயம். போயிட்டு வரேன்.

அக்கா


அதே தாளில், காலை எட்டே முக்கால்

அக்கா,

எந்திரிச்சேன். மூணாவது முயற்சியில. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவுல பத்தொன்பது எட்டு வெச்சேன். வலது பாதத்தை ஒன்பது தடவை வெச்சதுல நாலு தடவை தூக்குச்சு, அஞ்சு தடவை உரசுச்சு. நேத்து ரெண்டுதான் தூக்குச்சு. கட்டைவிரல் அசையுது, ஆசை இல்லை, நெஜமாவே அசையுது. அஞ்சு தடவை பாத்துட்டேன்.

யாரும் இல்லாத வீட்டுல நின்னு சத்தமா சிரிச்சேன். திரும்பிப் போய்ப் படுத்தாச்சு. நீ இப்ப எந்தத் தட்டுல இருக்கியோ.


அதே தாளின் பின்பக்கம், சாயங்காலம் நாலு மணி

தம்பி,

மறுபடி தூங்கற. எழுப்ப மாட்டேன், ஆனா சொல்லாம இருக்கவும் முடியலை.

மூணு தட்டு மளமளன்னு ஏறினேன். நாலாவதுல தொடை வெடவெடன்னு ஆடுச்சு. பழைய நானா இருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறியிருப்பேன், வலிச்சாலும் இல்லைன்னிருப்பேன். அப்படியே தட்டுல உக்காந்துட்டேன். கீழேர்ந்து பரீட்சை டாக்டர் ரேடியோவுல, "முடியலைன்னா இறங்கிடுங்கம்மா"ன்னார். "முடியலைன்னு யார் சொன்னா? கால் நடுங்குது, உக்காந்திருக்கேன், நின்னதும் ஏறுவேன்"னேன். நாலு நிமிஷம். கீழே எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குறாங்க. எனக்கு மானம் போகலை. அங்கே உக்காந்து உன்னைத்தான் நினைச்சேன், இந்நேரம் உருண்டிருப்பானா, கையை ஊன்றியிருப்பானான்னு. நடுக்கம் நின்னுச்சு. எந்திரிச்சேன். அப்புறம் ஒவ்வொரு தட்டுலயும் உக்காந்து உக்காந்தே ஏறினேன்.

கேபின் கதவைத் திறந்ததும் அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. அழுதுக்கிட்டேதான் முதல் கன்டெய்னரைத் தூக்கினேன். கப்பல்ல இறக்கி வெச்ச சத்தமே கேக்கலைன்னு கீழே இருந்தவங்க சொன்னாங்க.

இறங்கினதும் டாக்டர் ஒண்ணு கேட்டார்: "நாலாவது தட்டுல நின்னீங்களே, அதை மறைச்சுட்டு ஏறியிருக்கலாமே?" எங்க வீட்டுல அந்தப் பழக்கத்தை விட்டுட்டோம்னேன். கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை சீட்டை விட்டு எந்திரிச்சு நிக்கணும்ங்கற நிபந்தனையோட மூணாம் நம்பர் எனக்கு.

நாளைக்கு ஆறு மணி ஷிப்ட். நீயே எந்திரிச்சுக்கோ.

அக்கா